முதலில் நகர்ந்ததா, முதலில் கேட்டதா

மார்ச் 4

தம்பிக்கு,

என் கையெழுத்தைப் பார்த்தால் பிரிக்காமலே கிழித்துப் போட்டுவிடுவாய் என்று தெரியும். அதனால் முகவரியை உன் மகளிடம் கொடுத்து எழுதச் சொன்னேன். ஐந்து வருஷமாக உன்னோடு பேசாதவள், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. எழுதிவிட்டு உறையைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்விட்டாள். ஐந்து வருஷம் கழித்து அக்கா எழுதுகிற முதல் கடிதமே ஒரு ஏமாற்று வேலை. திட்டிக்கொள். திட்டிவிட்டு மேலே படி.

போன மாதம் டிவியில் படம் மங்கலாகத் தெரிகிறதென்று மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். வந்தவன் டிவியில் கையே வைக்கவில்லை. செய்தி வாசிக்கிற பெண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "என்னம்மா இது, வாய் ஒரு பக்கம் போகுது, சத்தம் ஒரு பக்கம் வருது. எத்தனை நாளா இப்படிப் பாக்குறீங்க?" என்றான். "நல்லாத்தானேப்பா இருக்கு" என்றேன். ரிமோட்டில் எதையோ அழுத்தினான். "இப்பப் பாருங்க." பார்த்தேன். முன்னால் எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. மறுபடி கெடுத்துக் காட்டினான். அதுவும் அதே மாதிரிதான் இருந்தது. "டிவி பரவால்லம்மா. நீங்க ஒரு தடவ காது டாக்டரைப் பாத்துடுங்க" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்ததைக்கூடக் கவனிக்காமல் உட்கார்ந்திருந்தேன். நான் வேலை பார்த்த குழாய்க் கிடங்கின் ஸ்டோர் ஜன்னல்தான் கண் முன்னால் நின்றது.

உன் அத்தான் செத்த அன்று நான் அந்த ஜன்னலில் நின்று கையுறைகளைக் கட்டிக்கொண்டிருந்தேன். நீ மேலே கிரேன் கூண்டில். அவர் கீழே, இரும்புக் குழாய்க் கட்டுக்குக் கொக்கி மாட்டிவிட்டு நின்றார். கட்டு நகர்ந்து அவரைக் குழாய் அடுக்கோடு வைத்து நசுக்கியது. விசாரணை அதிகாரி என்னிடம் முக்கியமாகக் கேட்டது ஒரு கேள்வி. "ஹாரன் அடிச்சிட்டு நகர்ந்துச்சா, நகர்ந்த பிறகு ஹாரன் அடிச்சுச்சா?" ஹாரன்தான் முதலில் என்று நீ சொல்லியிருந்தாய். உன் கூடப் பிறந்தவள் நான், "முதல்ல நகர்ந்துச்சு. அப்புறம்தான் சத்தம் கேட்டுச்சு" என்றேன். கண்ணால் பார்த்தேன், காதால் கேட்டேன், சத்தியம் என்றேன். அந்த ஒரு வாக்கியம்தான் உன்னைப் பதினொரு மாதம் உள்ளே வைத்தது.

காது டாக்டரிடம் போனேன். சின்னப் பெண்தான், ஆனால் பொறுமைசாலி. காது பரவாயில்லையாம். ஆனால் கண்ணுக்கு வருவதையும் காதுக்கு வருவதையும் எது முன்னால், எது பின்னால் என்று பிரித்துப் பார்க்கிற திறமை வயதாக ஆக மழுங்கிப்போகுமாம். எனக்கு நன்றாகவே மழுங்கியிருக்கிறதாம். இதை உனக்குச் சொல்லாமல் நான் சாகக் கூடாது என்று தோன்றியது. அவ்வளவுதான்.

அக்கா


மார்ச் 15

ஸ்டோர் அம்மா அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. தாங்கள் நலமாக டிவி பார்த்து வருவதை அறிந்து மகிழ்ச்சி.

உறையின் மேல் என் மகள் கையெழுத்தைப் பார்த்தேன். 'ழ' போடும்போது கீழே ஒரு சுழி அதிகமாகப் போடுவாள், மூன்றாம் வகுப்பிலிருந்தே அப்படித்தான். டிப்போவில் பஸ் கழுவிக்கொண்டிருந்தேன். ஈரக் கையோடு தொட்டால் மை கரைந்துவிடும் என்று கையைச் சட்டையில் துடைத்து, அதுவும் போதாதென்று வெயிலில் காயவைத்து, அப்புறம்தான் வாங்கினேன். மதியம் வரை பிரிக்கவில்லை. அந்த மூன்று மணி நேரம் நான் எப்படி இருந்தேன் என்று உங்களுக்குத் தெரிந்திருந்தால் இந்தத் தந்திரத்தைச் செய்திருக்க மாட்டீர்கள். உள்ளே அவள் எழுதியது ஒரு வரியும் இல்லை. அத்தான் செத்ததற்கு எனக்குப் பதினொரு மாதம் தந்தார்கள். இதற்கு உங்களுக்கு என்ன தருவது?

இப்போது மழுங்கிவிட்டதாம். நல்லது. அன்றைக்கு மட்டும் கத்தி மாதிரி இருந்ததோ? அவ்வளவு பேர் முன்னால் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னீர்களே. நாக்கு ஒரு இடத்தில்கூடத் தடுக்கவில்லை.

அம்மா செத்ததை எனக்கு வார்டன் வந்து சொன்னான். கம்பிக்கு வெளியே நின்று, பல் குத்திக்கொண்டே சொன்னான். உங்கள் வீட்டில்தான் கிடந்தாள், உங்கள் மடியில்தான் போனாள். கடைசியாக என்னைக் கேட்டாளா, கேட்கவில்லையா என்று இதுவரை எனக்கு யாரும் சொன்னதில்லை. காது டாக்டரிடம் அதற்கு மருந்து இருந்தால் எழுதி வாங்கி அனுப்புங்கள்.

நான் இங்கே ஒருவருக்கும் தொந்தரவில்லாமல் இருக்கிறேன். என்னை விட்டுவிடுங்கள்.

ஒன்று மட்டும். அந்த டாக்டர் சரியாக என்னதான் சொன்னார்? வார்த்தைக்கு வார்த்தை.

இப்படிக்கு,
முன்னாள் கிரேன் ஆபரேட்டர்


மார்ச் 23

தம்பி,

எப்போதிலிருந்து நான் உனக்கு 'நீங்கள்' ஆனேன்? உனக்குக் கால்சட்டை போட்டுவிட்டவள் நான். நாலு அறை அறைந்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். 'தாங்கள்' என்று எழுதியிருக்கிறாயே, அதுதான் தாங்கவில்லை. கையெழுத்து விஷயத்தில் நான் செய்தது தப்பு. யோசிக்கவில்லை. மன்னித்துக்கொள்.

அம்மா கேட்டாள். கடைசி மூன்று நாளும் கேட்டாள். "ஷிப்ட்டுல இருக்கான்மா, வந்துடுவான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். மூன்றாம் நாள், "இவ்ளோ நேரமாடி ஒரு ஷிப்ட்டு?" என்றாள். அதுதான் அவள் கடைசியாகப் பேசியது. இதை எழுதக் கூடாதென்றுதான் இருந்தேன். கேட்டுவிட்டாய்.

டாக்டர் சொன்னதைக் கேள். ஒரு இருட்டறையில் உட்காரவைத்தார்கள். எதிரே ஒரு சின்ன விளக்கு, பக்கத்தில் ஒரு ஒலிபெருக்கி. விளக்கு மின்னும், ஒரு 'டிக்' கேட்கும். எது முதலில் என்று நான் பொத்தானை அழுத்த வேண்டும். ஒரு தடவை விளக்கு முந்தும், ஒரு தடவை சத்தம் முந்தும். இருநூறு தடவை. அழுத்திய பிறகு ஒவ்வொரு தடவையும், 'நிச்சயம்', 'சந்தேகம்' என்று இன்னொரு பொத்தான்.

முடிந்ததும் அந்தப் பெண் காகிதத்தைக் காட்டினாள். சின்ன வயதுக்காரர்கள் பிரித்துச் சொல்லிவிடுகிற இடைவெளியில் நான் பாதிக்குப் பாதி தப்பு. கண்ணை மூடிக்கொண்டு அழுத்தியிருந்தாலும் அவ்வளவுதான் வந்திருக்கும். கால் விநாடி இடைவெளியில்கூடத் தடுமாறியிருக்கிறேன். ஸ்டோர் ஜன்னலிலிருந்து அவர் நின்ற இடம் எவ்வளவு தூரம் என்று கேட்டாள். நூறு அடி வைக்க வேண்டும் என்றேன். "அவ்வளவு தூரம்னா சத்தம் வந்து சேரவே ஒரு செகண்டுல பத்துல ஒரு பங்கு ஆகிடும்மா. வெளிச்சம் உடனே வந்துடும்" என்றாள். ஹாரன் துளி முந்தியிருந்தாலும் எனக்கு நகர்ந்ததுதான் முதலில் தெரிந்திருக்கும்.

அதுகூடப் பரவாயில்லை தம்பி. என்னைக் கொன்றது வேறு. தப்பாகச் சொன்ன இடங்களில் முக்கால்வாசியில் நான் 'நிச்சயம்' என்று அழுத்தியிருக்கிறேன்.

அன்றைக்கு நான் பொய் சொல்லவில்லை. நிச்சயமாகச் சொன்னேன். பொய்யாகவாவது இருந்திருக்கலாம்.

வக்கீலைப் பார்த்துவிட்டேன். மறுவிசாரணைக்கு மனுப் போடலாம் என்கிறார். என் வாக்குமூலம், டாக்டர் அறிக்கை, உன் கையெழுத்து, மூன்றும் வேண்டும். மனுவை இத்துடன் வைத்திருக்கிறேன்.

இன்னொன்று. டாக்டர் அறிக்கையை உன் மகளிடம் படிக்கக் கொடுத்தேன். நின்றுகொண்டே படித்தாள், அப்புறம் உட்கார்ந்து படித்தாள். "அப்ப அப்பா மேல தப்பே இல்லையா அத்தை?" என்றாள். இல்லை என்றேன். உன் முகவரி அவளுக்கு இப்போது மனப்பாடம்.

அக்கா


ஏப்ரல் 11

அக்கா,

வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் டிப்போ வாசலில் ஒரு பெண் நிற்கிறாள், காவலாளியிடம் எதையோ கேட்கிறாள். நான் அடையாளம் தெரியாமல் பார்த்துக்கொண்டு நின்றேன். ஐந்து வருஷத்தில் நடையே மாறிவிட்டது. காவலாளி என்னைக் கை காட்டினான். கிட்டே வந்து, "என்னப்பா இப்படி இளைச்சுட்டீங்க" என்றாள். அவ்வளவுதான். நான் வைத்திருந்த தண்ணீர்க் குழாயை மூட மறந்துபோய் அரை மணி நேரம் தண்ணீர் ஓடி, சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கினேன். அவன் திட்டியதும் காதில் விழவில்லை.

என் அறையைப் பார்த்தாள். ஒற்றை ஆள் அறை, ஒரு கட்டில், ஒரு ஸ்டவ். ஜன்னலைத் திறந்தால் எதிர் வீட்டுச் சுவர்தான். துடைப்பத்தை எடுத்துப் பெருக்க ஆரம்பித்தாள். பெருக்கிக்கொண்டே அழுதாள். "மாமாவை நீங்கதான் கொன்னீங்கன்னு நான் அஞ்சு வருஷமா சொல்லிட்டிருந்தேம்ப்பா. என் வாயாலயே சொன்னேன்" என்றாள். நான் அவள் தலையில் கை வைத்தேன். வைத்துக்கொண்டே நின்றேன்.

அடுத்த ஞாயிறும் வந்தாள். இனி ஞாயிறு தவறாமல் வருவாளாம். பஸ்ஸில் மூன்று மணி நேரம். போன வாரம் எனக்கு ஒரு சட்டை எடுத்து வந்தாள். அளவு பெரிது. அவள் மனதில் நான் இன்னும் பழைய அளவிலேயே இருக்கிறேன் போல.

அம்மா சொன்னதை எழுதியிருந்தாய். இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை.

உன் மனு கட்டில் தலைமாட்டில் இருக்கிறது. இன்னும் கையெழுத்துப் போடவில்லை. பேனா எழுதவில்லை, வாங்க வேண்டும். போடுகிறேன், அவசரப்படுத்தாதே.

தம்பி


ஏப்ரல் 20

தம்பி,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு வெகு நாளைக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டேன். அந்த நிம்மதி நிலைக்கவில்லை.

நேற்று வக்கீல் என் வாக்குமூலத்தை எழுதிக்கொண்டிருந்தார். எழுதிக்கொண்டே, "உங்க வீட்டுக்காரருக்கு இந்த மாதிரி ஏதாவது கோளாறு இருந்துச்சாம்மா? எதிர்த்தரப்புல கேப்பாங்க" என்றார். இல்லை என்றேன். அன்றைக்கு விசாரணையிலும் இதையே கேட்டார்கள். அன்றைக்கும் இல்லை என்றேன். ஒரு வாக்கியத்தைத் திருத்தப் போன இடத்தில் இன்னொரு வாக்கியத்தை மறுபடி அதே மாதிரி சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். வீடு வரை நடந்தே வந்தேன்.

உனக்கு எழுதுகிறேன். உனக்குத்தான் முதலில் எழுத வேண்டும்.

அவர் போவதற்கு ஒரு வருஷம் முன்னாலேயே ஆரம்பித்துவிட்டது. கதவைத் தட்டினால் ஜன்னலைப் பார்ப்பார். நான் பாத்திரத்தைக் கீழே போட்டால், அந்த நேரம் பார்த்து அலமாரிக் கதவு அசைந்தால், சத்தம் அங்கிருந்து வந்ததாக அலமாரியையே பார்த்துக்கொண்டு நிற்பார். நான் கேலி செய்வேன். "கிழவருக்குக் காது இடம் மாறிப்போச்சு" என்பேன். ஒரு நாள் சட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "ரெண்டு கிரேனும் ஒண்ணா ஓடும்போது எந்த ஹாரன் எந்தக் கிரேனோடதுன்னு பிடிபட மாட்டேங்குது. எது அசைஞ்சாலும் அதுதான் அடிக்குதுன்னு தோணுது."

டாக்டரிடம் போகலாம் என்றேன். "போனா லாயக்கில்லன்னு எழுதிக் குடுத்துடுவாங்க. கொக்கியிலிருந்து எடுத்துட்டா நான் என்ன, வாசல்ல உக்காந்து ஈ ஓட்டறதா? உன் தம்பிகிட்ட மட்டும் மூச்சு விட்டுடாத. அவனுக்குத் தெரிஞ்சா அடுத்த நிமிஷமே என்னைக் கீழ நிக்க விட மாட்டான்" என்றார். என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். சரி என்றேன்.

அந்தக் காது டாக்டரிடம் யாரோ ஒருத்தரைப் பற்றிக் கேட்பது மாதிரி கேட்டேன். இளவயதில் சத்தம் வந்த அந்த நொடியில் எது அசைந்ததோ, மூளை அதோடு மட்டும்தான் சேர்க்குமாம். வயதானால் கொஞ்சம் முன்னால் பின்னால் எது அசைந்தாலும் அதோடு முடிச்சுப் போட்டுவிடுமாம்.

கடைசியாக ஒன்று. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. ஹாரன் அடித்ததும் அவர் நிமிர்ந்து பார்த்தார் தம்பி. நான் ஜன்னலிலிருந்து பார்த்தேன். கேட்டது அவருக்கு. ஆனால் பார்த்தது உன் கிரேனை இல்லை. எதிர்ப்பக்கம் இரண்டாவது கிரேன் அப்போதுதான் அசைந்து வந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். உன் கட்டு பின்னாலிருந்து வந்தது.

அதைச் சொன்னால், ஒரு வருஷமாகத் தெரிந்தும் ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தாய் என்று கேட்பார்கள். அதனால்தான் அவருக்குக் கோளாறு இல்லை என்றேன், எங்கே பார்த்துக்கொண்டு நின்றார் என்பதையும் சொல்லவில்லை. உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் வாசலில் ஈ ஓட்டிக்கொண்டு இப்போது உயிரோடு இருப்பார்.

கையெழுத்துப் போட்டு அனுப்பு. வக்கீலிடம் நான் போய் இதையும் எழுதச் சொல்கிறேன்.

அக்கா


மே 2

அக்கா,

பேனா இருந்தது. பொய் சொன்னேன்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு வாரம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்தேன். உன் மேல் கோபம் வருகிறதா என்று பார்த்தேன். வந்தால் வசதியாக இருந்திருக்கும். ஐந்து வருஷமாக அந்தக் கோபம்தான் எனக்குச் சோறு. அக்கா பொய் சொல்லி என்னை மாட்டிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு படுத்தால் தூக்கம் வரும். வேறு எதையும் நினைக்க வேண்டியதில்லை. இப்போது அதையும் பிடுங்கிக்கொண்டாய்.

விதி என்ன என்று உனக்குத் தெரியும். ஜன்னலிலிருந்து ஆயிரம் தடவை பார்த்திருப்பாய். ஹாரன் அடிக்க வேண்டும். ஐந்து எண்ண வேண்டும். கீழே கொக்கி மாட்டியவர் விலகி நின்று வலது கையைத் தூக்க வேண்டும். அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் நெம்புகோலில் கை வைக்க வேண்டும்.

அன்று இரண்டு லாரி நின்றது. பின்னால் இருந்த டிரைவர் கீழே இறங்கி, "என்னய்யா, மேல தூங்கிட்டியா? சாயங்காலம் வரைக்கும் இங்கேயே குடித்தனம் பண்றதா?" என்று கத்திக்கொண்டிருந்தான். நான் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதிலுக்கு என்ன சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். இடது கட்டைவிரல் ஹாரனில், வலது கை நெம்புகோலில். இரண்டையும் ஒன்றாக அழுத்தினேன். எது முன்னால், எது பின்னால் என்று என் கைகளுக்கே தெரியாது அக்கா. ஐந்து எண்ணவில்லை. கீழே பார்க்கவே இல்லை. அத்தான் கையைத் தூக்கியிருப்பார் என்று நினைத்தேன். நினைக்கக்கூட இல்லை. இருபத்திரண்டு வருஷம் அவரோடு வேலை செய்து, பார்க்க வேண்டிய தேவையே இல்லாதது மாதிரி ஆகிவிட்டது. அன்று மட்டும் இல்லை, அதற்கு முன்னால் எத்தனையோ நாள் அப்படித்தான்.

அதிகாரி என்னிடமும் அந்த ஒரே கேள்விதான் கேட்டார். ஹாரன் முதலிலா, நகர்ந்தது முதலிலா. அவர் அப்படிக் கேட்டதும் எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. அதை இன்றும் மறக்க முடியவில்லை. 'கை தூக்கினாரா, பார்த்தாயா' என்று கேட்டிருந்தால் அங்கேயே விழுந்திருப்பேன். ஹாரன்தான் முதலில் என்றேன். அப்புறம் நீ வந்து மாற்றிச் சொன்னாய். அந்த நிமிஷத்திலிருந்து நான் குற்றவாளி இல்லை, ஏமாற்றப்பட்டவன். அதையே உண்மை என்று நம்பிவிட்டேன்.

நீ சரியாகச் சொல்லியிருந்தாலும் தப்பாகச் சொல்லியிருந்தாலும் அவர் செத்தது செத்ததுதான். அவர் எந்தக் கிரேனைப் பார்த்துக்கொண்டு நின்றாலும், நான் குனிந்து ஒரு தடவை பார்த்திருந்தால் நிறுத்தியிருப்பேன்.

இதை உன்னிடம் சொல்லிவிட்டேன். மனுவில் என்னால் கையெழுத்துப் போட முடியாது. காரணம் எதையாவது வக்கீலிடம் சொல்லிக்கொள். மகளிடம் மட்டும் சொல்லிவிடாதே அக்கா. இந்த நாலு ஞாயிற்றுக்கிழமையை வைத்துக்கொண்டுதான் உயிரோடு இருக்கிறேன். உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

தம்பி


மே 21

தம்பி,

உன் கடிதம் வந்த அன்று அவர் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து உரக்கப் படித்தேன். என்னுடையதை நான் அவரிடம் சொன்னதில்லை, அதையும் சொன்னேன். அழுகை வரும் என்று பார்த்தேன். வரவில்லை. தலையணையை எடுத்துச் சுவரில் அடித்தேன், கை ஓயும் வரை. உன்னை அடித்தேனா, என்னை அடித்தேனா, அவரை அடித்தேனா, தெரியாது.

மறுநாள் குழாய்க் கிடங்குக்குப் போனேன். ஏன் போனேன் என்று கேட்காதே, கால் போனது. ஷிப்ட் முடிந்து ஆட்கள் வெளியே வந்தார்கள். நெட்டையை உனக்கு நினைவிருக்கும். உன் அத்தானோடு ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர், இப்போதும் கொக்கி வேலைதான். தலை முழுக்க நரைத்துவிட்டது. ஓரமாகக் கூட்டிப் போய், "அண்ணே, ரெண்டு கிரேனும் ஓடும்போது ஹாரன் பிடிபடுதா உங்களுக்கு?" என்று கேட்டேன்.

அவர் முகம் போன போக்கைப் பார்த்ததும் பதில் வேண்டியிருக்கவில்லை. "கொஞ்ச நாளா ஒரு மாதிரிக் குழம்புதும்மா. நீங்க எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்றார். அப்புறம் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க தாயி. இன்னும் ஒன்றரை வருஷம்தான். எப்படியாவது ஓட்டிடுவேன்" என்றார். டிபன் பாக்ஸை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றார். என்னைவிட மூத்தவர், என்னைத் தாயி என்றார்.

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் சும்மா இருந்தேன். மூன்றாம் நாள் போய்ப் பாதுகாப்பு அதிகாரியிடம் சொல்லிவிட்டேன். முதலில், "அஞ்சு வருஷத்துக்கு முந்தின கதைம்மா, வீட்டுக்குப் போங்க" என்றார். டாக்டர் அறிக்கையை மேஜைமேல் வைத்து, உட்கார்ந்தே இருந்தேன். மாலை வரை இருந்தேன். கடைசியில் ஐம்பத்தைந்து தாண்டிய கொக்கி ஆட்கள் ஒன்பது பேரையும் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். நாலு பேரை எடுத்துவிட்டார்கள். இருவருக்கு வாசலில் வேலை கொடுத்தார்கள். நெட்டைக்கும் இன்னொருவருக்கும் இடமில்லையாம்.

நெட்டையின் மனைவி என் வீட்டு வாசலில் வந்து நின்று தெருவே கேட்கக் கத்தினாள். "உன் புருஷனை முழுங்கினது பத்தாதா? என் புருஷன் வேலையையும் முழுங்கிட்டியா? நீ நல்லா இருப்பியா?" கதவைத் திறந்து வெளியே வந்து நின்றேன். அவள் முடிக்கும் வரை நின்றேன். கேட்க வேண்டியதைத்தான் கேட்டாள்.

இப்போது உன் விஷயம். அவர் சொல்லாதே என்றார், சொல்லவில்லை. நீ சொல்லாதே என்கிறாய். நான் சொல்லப் போவதில்லை, ஏனென்றால் சொல்ல வேண்டியவன் நீ. ஆனால் அவள் என்னிடம் கேட்டால் பொய் சொல்ல மாட்டேன். அப்பா மேல் தப்பே இல்லையா என்று கேட்டபோது, இல்லை என்று நிச்சயமாகச் சொன்னேன். அந்த நிச்சயத்தைத் திருப்பி எடுத்தாக வேண்டும்.

மனு வேண்டாம். நான் எனக்குத் தெரிந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறேன். அவர் காது, இரண்டாவது கிரேன், எல்லாம். நீயும் உன்னுடையதை எழுதினால் இரண்டையும் சேர்த்து வக்கீலிடம் கொடுக்கிறேன். அதனால் யாருக்கும் விடுதலையும் இல்லை, லாபமும் இல்லை. அவர் எப்படிச் செத்தார் என்று ஒரு இடத்திலாவது சரியாக எழுதியிருக்கட்டும். உன்னை மறுபடி உள்ளே வைப்பார்களா என்று வக்கீலிடம் கேட்டேன். இல்லை, அனுபவித்த தண்டனைதான் என்றார்.

எழுதுவதும் எழுதாததும் உன் இஷ்டம். எப்படியானாலும் நீ என் தம்பிதான்.

அக்கா


ஜூன் 16

அக்கா,

இரண்டு ஞாயிற்றுக்கிழமை சொல்லாமல் கடத்தினேன். மூன்றாவது ஞாயிறு சொன்னேன்.

டீ போட்டுக் கொடுத்துவிட்டுச் சொன்னேன். உனக்கு எழுதியதைவிடக் குறைவாகத்தான் சொன்னேன், ஆனால் எதையும் விடவில்லை. முடித்த பிறகு, "மாமா கையத் தூக்கலையா, இல்ல நீங்க பாக்கலையா?" என்றாள். "நான் பாக்கலம்மா" என்றேன். "லாரிக்காரனைப் பாத்துட்டிருந்தீங்க" என்றாள். "ஆமாம்."

டம்ளரைக் கீழே வைத்தாள். "அத்தைக்குத் தெரியுமா?" என்றாள். "தெரியும்" என்றேன். "எப்பத்திலிருந்து?" "ஒரு மாசமா." அதற்குத்தான் அவள் முகம் மாறியது. மாமாவுக்காக ஒரு கோபம், என் மேல் ஒரு கோபம், உன் மேல் ஒரு கோபம். எல்லாவற்றையும் அந்தச் சின்ன அறைக்குள் வைத்துக்கொண்டு என்ன செய்வாள்? டம்ளரைக் கழுவி வைத்தாள். செருப்பை மாட்டினாள். "கிளம்பறேம்ப்பா" என்றாள். அடுத்த வாரம் வருகிறேன் என்று சொல்லவில்லை. பஸ் நிறுத்தம் வரை நானும் போனேன், பத்தடி பின்னால். வேண்டாம் என்று அவள் தடுக்கவில்லை. பஸ் வந்தது, ஏறினாள்.

நேற்று ஞாயிறு. காலையிலேயே அறையைப் பெருக்கி வைத்தேன். அவள் எடுத்து வந்த சட்டையைப் போட்டுக்கொண்டு நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தேன். அவள் ஊரிலிருந்து ஆறு பஸ் வந்தது. ஆறிலும் வரவில்லை.

உன்னிடம் வந்தாலும் வருவாள். வந்தால் சாப்பாடு போடு, காரணம் சொல்லாதே. வராவிட்டாலும் தேடிக்கொண்டு போகாதே. அவளுக்கு நேரம் வேண்டும். எவ்வளவு என்று நமக்குத் தெரியாது.

நெட்டையின் மனைவி மறுபடி வந்து கத்தினால் என் முகவரியைக் கொடு. எனக்கும் கொஞ்சம் பங்கு இருக்கிறது.

என்னுடையதை எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன், நாலு பக்கம். கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். வக்கீல் ஏதாவது வார்த்தையை மாற்றச் சொன்னால் மாற்றவிடாதே. 'பார்க்கத் தவறினேன்' என்று எழுதச் சொல்வார்கள், அப்படித்தான் எழுதுவது வழக்கம். 'பார்க்கவில்லை' என்றே இருக்கட்டும்.

தம்பி